விளிம்பில் எழுத்து, முகப்பில் ஒரு தலை: லண்டித் தீவின் பஃபின் காசு வழக்கு

காசைக் கையில் எடுத்ததும் முகப்பைப் பார்ப்போம், திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்போம். லண்டித் தீவின் காசு கையில் கிடைத்தால் முதலில் விளிம்பைப் பாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே செங்குத்தாக நிறுத்தி, சன்னல் வெளிச்சத்தில் மெல்ல உருட்டினால் ஒவ்வொரு எழுத்தாக வரும்: லண்டி லைட்ஸ் அண்ட் லீட்ஸ். 'லண்டி ஒளி காட்டும், வழி நடத்தும்' என்று பொருள். அதே காலத்து பிரிட்டிஷ் பென்னியின் விளிம்பு வெறும் வழுவழுப்பு. அரசாங்கமே தன் பென்னியின் விளிம்பில் எழுத்துப் பொறிக்காத நாளில், மிகச் சிலரே நிலையாக வாழ்ந்த ஒரு தீவின் உரிமையாளர் பொறித்திருக்கிறார். பொழுதுபோக்குக்காகச் செய்யும் காரியத்துக்கு யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

தீவுகளின் டோக்கன்களையும் (அரசு அல்லாமல் தனியார் பணத்துக்கு ஈடாக வெளியிடும் வில்லைகள்) பதக்கங்களையும் சேர்க்கத் தொடங்கி ஆண்டுகள் ஓடிவிட்டன. புதிதாகச் சேர்க்க வருகிறவர்கள், "சார், இது காசா, டோக்கனா?" என்று கேட்கும்போதெல்லாம் நான் இந்த ஒரு வழக்கைத்தான் எடுத்துச் சொல்வேன். அந்தக் கேள்வி நீதிமன்றப் படியேறிய அபூர்வமான சம்பவம் இது.

லண்டி, இங்கிலாந்தின் தென்மேற்கில், பிரிஸ்டல் கால்வாய் அட்லாண்டிக்கோடு கலக்கும் இடத்தில் நிற்கும் கருங்கல் திட்டு. நீளம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். அகலம் ஒரு கிலோமீட்டரை ஒட்டி. டெவன் கரையிலிருந்து சுமார் 19 கிலோமீட்டர். பெயரே பழைய நார்ஸ் மொழிச் சொல்: 'லுண்டி' என்றால் பஃபின் பறவை, 'எய்' என்றால் தீவு. கறுப்பு முதுகும் வெள்ளை வயிறும் கிளிமூக்குப் போன்ற வண்ண அலகும் கொண்ட அந்தக் கடற்பறவை தீவின் பாறைச் சரிவுகளில் வளை தோண்டி முட்டையிடும்.

இந்தத் தீவை 1925-ல் மார்ட்டின் கோல்ஸ் ஹார்மன் என்ற லண்டன் நிதித் தொழிலர் விலைக்கு வாங்கினார். அவருக்கு முன்பே அங்கே ஒரு பழக்கம் வேரூன்றியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீவு வில்லியம் ஹட்சன் ஹெவன் என்பவரின் சொத்து. இது 'சுதந்திரத் தீவு', கரையிலுள்ள நீதிபதிகளின் அதிகாரம் இங்கே செல்லாது என்று சொன்னவர் அவர். சொன்னதோடு நிற்காமல், அந்த அதிகாரத்தை ஏற்க மறுத்து வெற்றியும் கண்டார். ஹெவன் என்ற குடும்பப் பெயரை வைத்து ஊரார் தீவைப் 'பரலோக ராஜ்யம்' என்றே அழைத்தார்கள். தீவுவாசிகள் அரசுக்கு வருமான வரி கட்டியதில்லை. ஆக, ஹார்மன் தன்னைத் தனி நாட்டின் தலைவனாக நினைத்துக்கொண்டார் என்றால் அது வெறும் பணக்காரத் திமிர் அல்ல. தீவின் பழக்கமே அவர் பக்கம் இருந்தது.

முதலில் தபால். அஞ்சல் துறை 1927-ன் முடிவில் லண்டியிலிருந்து விலகிக்கொள்ள, தபாலைக் கரைக்குக் கொண்டுபோகும் பொறுப்பை ஹார்மன் ஏற்றார். செலவுக்காக 1929 நவம்பர் 1 அன்று தீவுக்கென்று தபால்தலை வெளியிட்டார்: அரைப் பஃபின் ஒன்று, ஒரு பஃபின் ஒன்று. ஒரு பஃபின் என்றால் ஒரு பென்னி. கரை சேர்ந்த பிறகு மேற்கொண்டு போக பிரிட்டிஷ் தபால்தலையும் வேண்டும். அதனால் லண்டித் தலையை உறையின் பின்பக்கத்தில் ஒட்டினார்கள். அந்தத் தபால்தலைகள் இன்றுவரை வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்காக அவர்மேல் வழக்கு பாயவில்லை.

காசு விஷயம் அப்படி முடியவில்லை. அதே 1929-ல் பர்மிங்ஹாம் மின்ட் என்ற தனியார் நாணயச் சாலையில் ஒரு பஃபின் 50,000, அரைப் பஃபின் 50,000 என்று வெண்கலத்தில் அடித்து வாங்கினார் ஹார்மன். பல நாடுகளுக்கு முறையான நாணயம் அடித்துக் கொடுத்த சாலை அது. பிரிட்டிஷ் பென்னியில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் தலை இருக்கும் இடத்தில், இதில் ஹார்மனின் தலை. சுற்றிலும் அவர் பெயர். பின்பக்கத்தில் பிரிட்டானியா தேவி உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் பறவை. ஒரு பஃபினில் முழுப் பறவையும் நிற்கிறது. அரைப் பஃபினில் அதன் தலையும் மார்பும் மட்டும். அரைக் காசுக்கு அரைப் பறவை. எத்தனை முறை பார்த்தாலும் இந்த ஒரு யோசனைக்காக அந்த வடிவமைப்பாளரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அன்று ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. ஐம்பதாயிரம் பஃபின் சேர்ந்தால் 208 பவுண்டு சொச்சம். ஐம்பதாயிரம் அரைப் பஃபின் 104 பவுண்டு சொச்சம். இரண்டும் சேர்ந்து சரியாக 312½ பவுண்டு. அவ்வளவு சிலர் வாழும் தீவுக்குச் சில்லறையாக ஒரு லட்சம் காசு எதற்கு? கோடைகாலத்தில் கரையிலிருந்து நீராவிக் கப்பல்களில் சுற்றுலாக் கூட்டம் வந்து இறங்கும். தீவின் மரிஸ்கோ மதுக்கடையில் குடித்துவிட்டு, மிச்சச் சில்லறையாகப் பஃபினை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். அப்படிப் போன காசு திரும்பி வராது. திரும்பி வராத ஒவ்வொரு காசும் வெளியிட்டவருக்கு வட்டியில்லாக் கடன், தள்ளுபடியான கடன். டோக்கன் வெளியிடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த பொருளாதாரம் இது. ஹார்மனின் நோக்கம் ஆட்சியுரிமையை நிலைநாட்டுவதா, ஆதாயமா என்று என்னைக் கேட்டால் இரண்டும்தான் என்பேன். ஆனால் ஆதாயம் மட்டும் போதும் என்றிருந்தால் விளிம்பு எழுத்துக்குச் செலவழித்திருக்க மாட்டார்.

சட்டம் என்ன சொன்னது

வழக்கு 1870-ம் ஆண்டின் நாணயச் சட்டம் ஐந்தாம் பிரிவின் கீழ் வந்தது. அதன் சாரம்: தங்கம், வெள்ளி, செம்பு, வெண்கலம், வேறெந்த உலோகம் அல்லது கலப்பு உலோகமானாலும் சரி, மதிப்பு எதுவானாலும் சரி, அதை நாணயமாகவோ, பணத்துக்கு ஈடான டோக்கனாகவோ, அதில் குறித்த மதிப்பைக் கேட்டுப் பெறும் உரிமையைக் காட்டும் பொருளாகவோ அரசு நாணயச் சாலை தவிர வேறு யாரும் செய்யவோ வெளியிடவோ கூடாது. மீறினால் அதிகபட்சம் 20 பவுண்டு அபராதம்.

இந்தப் பிரிவை மெதுவாக இரண்டு முறை படியுங்கள். நம் சேகரிப்பாளர்கள் மணிக்கணக்கில் சண்டை போடும் 'நாணயமா, டோக்கனா' என்ற வேறுபாட்டை இந்தச் சட்டம் கண்டுகொள்ளவே இல்லை. இரண்டும் ஒரே வாக்கியத்தில், இரண்டும் குற்றம். "நான் பென்னி என்று எழுதவில்லையே, பஃபின் என்றுதானே எழுதினேன்" என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. மதுக்கடையில் ஒரு பென்னிச் சரக்குக்கு ஒரு பஃபினை வாங்கிக்கொண்டார்கள் என்றால் அது பணத்துக்கு ஈடாக ஓடியது. எழுதியிருக்கும் பெயர் எதுவானால் என்ன?

அதனால் ஹார்மனுக்கு ஒரே ஒரு வாதம்தான் மிஞ்சியது: லண்டி இங்கிலாந்தின் சட்ட எல்லைக்குள்ளேயே இல்லை. மன்னருக்கு விசுவாசம் உண்டு. ஆனால் தீவு தன்னைத் தானே ஆளும் சின்னஞ்சிறு ஆட்சிப்பகுதி. டெவன் மாவட்டத்து நீதிபதிகளுக்கு அங்கே என்ன வேலை? 1930-ல் பிடிஃபோர்டு ஊர் நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. 5 பவுண்டு அபராதம், 15 கினி (ஒரு கினி ஒரு பவுண்டைவிடச் சற்று அதிகம்) வழக்குச் செலவு. ஹார்மன் மேல்முறையீடு செய்தார். 'ஹார்மன் எதிர் போல்ட்' என்று சட்டத் தொகுப்பில் பதிவான அந்த மேல்முறையீட்டை 1931-ல் கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. லண்டி ராஜ்யத்துக்கு உட்பட்டது, நாணயச் சட்டம் அங்கும் செல்லும். இந்தத் தீர்ப்பை, அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை கொடுத்ததாகப் பல விற்பனைக் குறிப்புகளில் எழுதியிருக்கும். அது தவறு. உங்கள் குறிப்பேட்டில் அப்படி எழுதியிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

20 பவுண்டு வரை போட்டிருக்கலாம், 5-தான் போட்டார்கள். தண்டிப்பதில் நீதிமன்றத்துக்கு அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு பறவைக் காசால் பிரிட்டிஷ் நிதிநிலை ஆடிவிடாது. ஆனால் லண்டியை விட்டுவிட்டால், நாளைக்கு இன்னொரு எஸ்டேட் முதலாளி, இன்னொரு தீவுக்காரர் தன் தலையைப் போட்டுக் காசு அடித்தால் எதைச் சொல்லித் தடுப்பது? காசு அடிக்கும் உரிமை ஆட்சியுரிமையின் அடையாளம். எந்த நாட்டு வரலாற்றில் பார்த்தாலும் புதிதாகப் பட்டத்துக்கு வந்தவன் செய்யும் முதல் காரியங்களில் ஒன்று தன் பேரில் காசு வெளியிடுவது. நம்மூர்ச் சோழன் காசும் நாயக்கர் காசும் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஹார்மனுக்கும் அது தெரிந்திருந்தது, வழக்கு போட்டவர்களுக்கும் தெரிந்திருந்தது.

தீர்ப்புக்குப் பிறகு பஃபின் புழக்கத்திலிருந்து போனது. அன்றிலிருந்து அது சேகரிப்பாளர்களின் பொருள்.

இன்னொரு தீவோடு வைத்துப் பார்த்தால்

ஹார்மனை வீரனாக்கிவிடும் ஆசை இந்தக் கதையைக் கேட்கும் எல்லோருக்கும் வரும். சிறியவன், பெரிய அரசு, அழகான பறவை. அந்த ஆசை எழும்போது என் பெட்டியின் அடுத்த அறையைத் திறப்பேன். அதில் இருப்பவை இந்தியப் பெருங்கடலின் கொக்கோஸ் கீலிங் தீவுகளின் டோக்கன்கள்.

அங்கே க்ளூனீஸ்-ராஸ் குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஆண்டது. 1886-ல் விக்டோரியா ராணி அந்தத் தீவுகளை அந்தக் குடும்பத்துக்கே நிலையாக எழுதிக்கொடுத்தார். தென்னந்தோப்பில் மலாய்த் தொழிலாளர்கள் கொப்பரை உடைத்தார்கள். கூலி, குடும்பம் வெளியிட்ட டோக்கனில். ரூபாய், சதம் என்ற பெயரில், தந்த நிறத்துப் பிளாஸ்டிக் வில்லைகள். 1910 என்று ஆண்டு போட்டு 1913-ல் வந்த அந்த வரிசையில் 5 சதம் முதல் 5 ரூபாய் வரை உண்டு, ஒவ்வொன்றிலும் வரிசை எண். கையில் எடுத்தால் சட்டைப் பித்தானைப்போல எடையே இல்லாமல் இருக்கும். அதைச் செலவழிக்க ஒரே இடம், குடும்பத்தின் கடை. தீவைவிட்டுக் கிளம்பினால் வெளியே அது பத்துப் பைசா பெறாது. 1978-ல் ஆஸ்திரேலிய அரசு 62½ லட்சம் ஆஸ்திரேலிய டாலர் கொடுத்துத் தீவுகளின் பெரும்பகுதியை வாங்கிக்கொண்ட பிறகுதான் அந்தக் காலம் முடிந்தது.

இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பட்டியல் புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே தலைப்புத்தான்: தனியார் தீவு வெளியீடு. ஆனால் லண்டியில் பஃபினை வாங்க விரும்பாத பயணி பென்னியைக் கேட்டு வாங்கிக்கொண்டு படகேறலாம். கொக்கோஸில் கொப்பரை உடைத்த மனிதருக்கு 'வேண்டாம்' என்று சொல்ல வழியில்லை. தீவு டோக்கனைப் பற்றி நான் முதலில் கேட்கும் கேள்வி இப்போது இதுதான்: இதை மறுக்க யாருக்கு முடிந்தது, யாருக்கு முடியவில்லை? உலோகம், எடை, விட்டம், அபூர்வத்தன்மை எல்லாம் அதற்குப் பிறகு. அந்தக் கேள்விக்கு விடை தெரியாதவரை டோக்கனைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன்.

வாங்கும்போது

நடைமுறை விஷயம் கொஞ்சம். 1929 பஃபின்கள் அபூர்வமானவை அல்ல. ஐம்பதாயிரம் அடித்ததில் நிறையப் பிழைத்திருக்கின்றன. 1965-ல், ஹார்மன் தீவை வாங்கிய நாற்பதாம் ஆண்டை ஒட்டி, அதே வடிவத்தில் 1965 என்று ஆண்டு போட்டு மறுபடியும் அடித்தார்கள். வெண்கலம், நிக்கல் பித்தளை, தங்கம் என மூன்று உலோகங்களில், சேகரிப்பாளர்களுக்கென்றே வந்தவை. அவை எந்தக் கடையிலும் எந்த நாளும் ஓடியதில்லை. அழகாக இருக்கும், வாங்கலாம், ஆனால் வழக்கைச் சந்தித்த காசு அது அல்ல. ஆண்டைப் பார்க்காமல் 'லண்டிப் பஃபின்' என்ற பெயரை மட்டும் கேட்டு விலை கொடுத்துவிடாதீர்கள்.

என்னுடைய முதல் அரைப் பஃபினில் வேறு விதமாக அடிபட்டேன். தொலைவிலிருந்து ஒரு விற்பனையாளர் அனுப்பினார். உறையைப் பிரித்தபோது புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்குபோலப் பளபளவென்று இருந்தது. வீட்டில் எல்லோரும் அழகு என்றார்கள். எனக்கு வயிறு கலங்கியது. வெண்கலம் எண்பது, தொண்ணூறு ஆண்டுகளில் மேலே ஒரு பழுப்புத் தோலை வளர்த்துக்கொள்ளும். அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் திரும்ப வராது. உருப்பெருக்கியில் பார்த்தேன். பறவையின் மார்பில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள். அலகின் வரிகள் மழுங்கிப் போயிருந்தன. விளிம்பில் 'லீட்ஸ்' என்ற சொல்லின் கடைசி எழுத்துகள் பாதிதான் இருந்தன. விற்பனைப் படத்தில் விளிம்பைக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது முகப்பு, பின்பக்கம், விளிம்பு மூன்றுக்கும் படம் வராமல் பணம் அனுப்புவதில்லை. சென்னைபோன்ற கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: மென்மையான பிளாஸ்டிக் உறையில் வெண்கலத்தை வைக்காதீர்கள். உப்புக் காற்றும் ஈரமும் அதற்குள் மாட்டிக்கொண்டு பச்சை பூத்துவிடும். அட்டைச் சட்டமும் உலர்ந்த டப்பாவும் போதும்.

மகனின் வெண்கலம்

ஹார்மனின் பிற்கால வாழ்க்கை நன்றாகப் போகவில்லை. 1933-ல் நிதி மோசடி வழக்கில் தண்டனை பெற்றுச் சிறை சென்றார். தீவு மட்டும் குடும்பத்தின் கையில் இருந்தது. அந்தக் குடும்பத்துக்கு அடுத்து வந்த வெண்கலம் காசு அல்ல.

அவருடைய மகன் ஜான் பென்னிங்டன் ஹார்மன், ராயல் வெஸ்ட் கென்ட் படைப்பிரிவில் லான்ஸ் கார்ப்பரல். 1944 ஏப்ரலில் நம் நாகாலாந்தின் கோஹிமாவில் ஜப்பானியப் படை சூழ்ந்துகொண்டபோது அங்கே இருந்தார். எதிரி இயந்திரத் துப்பாக்கி ஒன்று ஐம்பது கெஜத்துக்கும் குறைவான தூரத்தில் வந்து அமர்ந்துவிட்டது. தம் ஆட்கள் இருந்த இடத்திலிருந்து அதைச் சுட முடியவில்லை. ஹார்மன் தனியாகப் போனார். நான்கு நொடியில் வெடிக்கும் கையெறி குண்டின் நெம்புகோலை விடுவித்துவிட்டு இரண்டு நொடி கையிலேயே வைத்திருந்து எறிந்தார். அங்கிருந்தவர்களை வீழ்த்தி அந்தத் துப்பாக்கியையும் தூக்கிக்கொண்டு திரும்பினார். மறுநாள் காலையில், குழி தோண்டிக்கொண்டிருந்த ஐந்து எதிரிகளை நோக்கித் துப்பாக்கி முனையில் கத்தியோடு தனியாகவே இறங்கி ஓடினார். நால்வரைச் சுட்டார், ஒருவரைக் குத்தினார். திரும்பி வரும் வழியில் இயந்திரத் துப்பாக்கிச் சூடு பட்டது. தம் இடத்துக்கு வந்து சேர்ந்த சற்று நேரத்தில் உயிர் பிரிந்தது. அவருக்கு இறப்புக்குப் பின் பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் அறிவித்தார்கள். கோஹிமா போர்க் கல்லறையில் அவரைப் புதைத்திருக்கிறார்கள். லண்டியில், அவர் சிறுவனாகச் சுற்றித் திரிந்த கல்குவாரியில் ஒரு நினைவுக் கல் இருக்கிறது.

விக்டோரியா கிராஸும் வெண்கலம்தான். முகப்பில் 'வீரத்துக்காக' என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொல். பின்பக்கத்தில் செயல் நடந்த தேதி. தந்தை தானாக வெளியிட்ட வெண்கலத்தை மன்னரின் நீதிமன்றம் செல்லாது என்றது. பதின்மூன்று ஆண்டு கழித்து மகன் பேருக்கு அதே மன்னராட்சி வெண்கலத்தை வார்த்துக் கொடுத்தது. தீவுப் பதக்கங்களைத் தேடுகிறவர்கள் தீவின் பெயர் பொறித்ததை மட்டுமே தேடுகிறோம். லண்டியின் மிகப் பெரிய பதக்கத்தில் லண்டி என்ற சொல் இல்லை. அதற்கு உரியவர் கிடப்பதும் நம் நாட்டு மலைச் சரிவில்.

தந்தை ஹார்மன் 1954-ல் காலமானார். 1969-ல் ஜாக் ஹேவர்டு என்ற செல்வந்தர் ஒன்றரை லட்சம் பவுண்டு கொடுக்க, தீவு, பாரம்பரிய இடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்புக்கு வந்தது. காசில் நின்ற பறவைக்கு மட்டும் நெருக்கடி தொடர்ந்தது. 1939-ல் 3,500 இணைகள் என்று மதிப்பிட்ட பஃபின், கப்பல்களில் வந்த எலிகள் முட்டைகளைத் தின்று தீர்க்க, இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிட்டது. எலிகளை முழுவதும் ஒழித்துவிட்டதாக 2006-ல் அறிவித்தார்கள். இப்போது பஃபின்கள் மறுபடியும் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன.

என் ஆல்பத்தில் லண்டிப் பக்கத்துக்குக் கீழே ஒட்டியிருக்கும் சீட்டில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: ஒரு பஃபின், 1929, வெண்கலம், பர்மிங்ஹாம். வெளியிட்டவர் தீவின் உரிமையாளர். மறுக்கலாம், பென்னி கேட்டு வாங்கலாம். 1870 சட்டம், பிரிவு 5. அபராதம் 5 பவுண்டு, மேல்முறையீடு 1931-ல் தள்ளுபடி. விளிம்பு எழுத்து முழுமை. மகன்: கோஹிமா, 1944.